லாரி முதுகில் கண் திறந்தவள்

கிட்ட வந்து உட்காருங்கள். வாசல் பக்கம் உட்கார்ந்தால் ரோட்டுச் சத்தத்தில் பாதி காதில் விழாது. அப்புறம் பூதம் எங்கிருந்து வந்தது என்று நடுவில் கேட்பீர்கள்.

தினமும் பஸ்ஸில் போகிறோம், வருகிறோம். முன்னால் ஒரு லாரி போகிறது. நம்ம டிரைவர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அது ஒதுங்காது. நமக்கும் வேறு வேலை இல்லை. அதன் முதுகைப் படித்துக்கொண்டே போகிறோம். ஒரு ஓரத்தில் மயில், இன்னொரு ஓரத்தில் புலி, பசுவும் கன்றும், மூலையில் ஒரு பச்சைக்கிளி, நடுவில் கொம்பு முளைத்து நாக்கைத் தொங்கப் போட்ட பூத முகம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வாசகம். ஒரு வாசகத்துக்கும் இன்னொரு வாசகத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஒன்று கும்பிடும், ஒன்று மிரட்டும், ஒன்று புத்தி சொல்லும். இதெல்லாம் யாரோ பொழுது போகாமல் வரைந்தது என்று நினைக்காதீர்கள்.

அந்தக் காலத்தில் எல்லாமே பேசின. மாடு பேசியது, மயில் பேசியது, வெயில் ஏறினால் பாறைகூட முனகியது. பேசாத ஒன்று லாரி மட்டும்தான். பேச்சைப் பங்கு வைத்தபோது லாரி பிறந்திருக்கவே இல்லை. எல்லாருக்கும் பிறகு அது வந்து நின்றபோது கொடுக்கப் பேச்சு மிச்சமில்லை. போனால் போகிறது என்று ஹாரனை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதுவும் முன்பக்கம்தான் கேட்கும். பின்பக்கம் வெறும் பலகை. வர்ணம் இல்லை, எழுத்து இல்லை. புழுதி படிந்தால் புழுதியின் நிறம், மழை பெய்தால் மரத்தின் நிறம்.

அப்படி ஒரு லாரியைச் செங்கோடன் ஓட்டினான். கீழ்நாட்டிலிருந்து மலைமேல் இருக்கிற ஊர்களுக்கு உப்பு கொண்டுபோவான். திரும்பும்போது புளி ஏற்றி வருவான். மலைமேல் உப்பு விளையாது. லாரி வரவில்லை என்றால் அந்த ஊர்களில் குழம்பும் இல்லை, ஊறுகாயும் இல்லை, ஆடுமாடு நக்க ஒரு கல் உப்பும் இல்லை. அதனால் போகாமல் இருக்க முடியாது.

செங்கோடனுக்கு ஒரு அக்கா. பெயர் பாவாயி. மாட்டுக்குக் கொம்பு வர்ணம் பூசுவது அவள் வேலை. பொங்கல் வந்தால் சுற்றுவட்டாரத்து மாடெல்லாம் அவள் வீட்டு முன்னால் வரிசையில் நிற்கும். எனக்கு நீலம், எனக்குச் சிவப்பு, போன வருசம் பூசின மஞ்சள் எடுப்பாகவே இல்லை என்று ஒரே சண்டை. பூசி முடித்ததும் ஒரே ஒரு கட்டளைதான் சொல்லுவாள். "காயற வரைக்கும் அசையக் கூடாது." முட்டுகிற காளைகூட அதை மீறாது. அசைந்தால் வர்ணம் வழிந்து மூக்கில் இறங்கும், மற்ற மாடுகள் வருசம் முழுக்கச் சிரிக்கும்.

மற்ற நாட்களில் குயவர்கள் செய்கிற மண் குதிரைகளுக்கு அவள்தான் கண் திறப்பாள். உடம்பை யார் வேண்டுமானாலும் பூசலாம். கண்ணைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் அதற்கு ஒரு சங்கதி உண்டு. எதை எதிரில் நிறுத்திப் படம் எழுதிக் கண் திறக்கிறோமோ, அதன் பார்வையில் பாதி அந்தப் படத்திலேயே தங்கிவிடும்.

மலைக்குப் போகிற வழியில் ஆளுருட்டிக் கணவாய் என்று ஒன்று இருந்தது. அதன் கடைசி வளைவில் ஒரு பூதம் குடியிருந்தது. உச்சி வெயிலில் ஏறி வருகிற வண்டியை விட்டுவிட்டு, அது தாண்டியதும் பின்னால் வந்து பலகையைப் பிடித்து இழுக்கும். முன்னால் போகிறவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. இன்ஜின் திணறுகிறது என்று நினைப்பான். அதற்குள் வண்டி பின்னால் உருண்டு பள்ளத்தில் கிடக்கும். போன டிரைவர்களில் சில பேர் திரும்பவில்லை.

ஒருநாள் அது செங்கோடன் லாரியைப் பிடித்தது. அவன் கதவைத் திறந்து குதித்தான். சக்கரத்துக்குக் கட்டை போட்டான். லாரி நின்றுவிட்டது. உப்பு மூட்டை மட்டும் உருண்டு பள்ளத்தில் விழுந்தது.

"ஏஞ்சாமி, நான் உனக்கு என்ன பண்ணினேன்?" என்று கேட்டான்.

பூதம் பாறைமேல் உட்கார்ந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டது. "ஒண்ணும் பண்ணலை. அதுதான் கோவம். மாடு போவுது, ஆடு போவுது, வண்டி போவுது. அத்தனையும் எனக்கு முதுகைக் காட்டிட்டே போவுது. இந்த வளைவுல ஒருத்தன் குடியிருக்கிறானேன்னு திரும்பிப் பாத்தவன் உண்டா? உன் லாரி முதுகு இருக்கே, அதுதான் எல்லாத்துலயும் மோசம். செவுரு மாதிரி."

"அதுக்கு நான் என்ன செய்ய, சாமி?"

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். இன்னிக்கு உப்பு. அடுத்த தடவை உன்னையும் சேத்துத்தான் எடுப்பேன்."

செங்கோடன் வீடு வந்து சேர்ந்து நடந்ததைச் சொன்னான். பாவாயி வர்ணச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"குதிச்சியா?" என்றாள்.

"குதிச்சேன், அக்கா."

"நம்மப்பன் ஏணி மேலருந்து குதிக்கச் சொன்னா அழுவியே. நல்லாத்தான் பயம் காட்டியிருக்குது." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "போகாம இருந்தா என்ன?"

"மேலூர்ல உப்பு தீந்துபோச்சு. போகாம எப்படி?"

"அப்ப பின்னால ஒரு ஆளை உட்கார வை. உனக்குத்தான் பின்பக்கம் கண்ணு இல்லையே."

ஆள் யாரும் வரமாட்டேன் என்றார்கள். ஆளுருட்டி என்றதும் ஒருவனுக்கு வயிற்றுவலி வந்தது, ஒருவனுக்கு மாமியார் ஊரில் விசேஷம் வந்தது. அதனால் பாவாயி தனக்குப் பழக்கமானவர்களிடம் கேட்டாள். கொம்பு வர்ணத்தில் அவளுக்கு நன்றிக்கடன் பட்ட பசு வந்தது, கன்றையும் கூட்டிக்கொண்டு. மயில் வந்தது. புலிக்கும் வர்ணத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் தன் வரிகள் வெளுத்துப்போனதாக அதற்கு ஒரு கவலை. அவள் பார்த்துத் தருவதாகச் சொன்னதால் அதுவும் வந்தது. கிளியை யாரும் கூப்பிடவில்லை. அதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் பசுவை ஏற்றினார்கள். நல்ல குணம். பின்னால் வருகிறவர்களிடமெல்லாம், "பாத்து வாங்க சாமி, வீட்டுல காத்திருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தது. பாதி மலையில் ஒரு பச்சைப் புல்தரையைக் கண்டது. கன்றையும் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. செங்கோடன் தற்செயலாக எட்டிப் பார்த்தபோது பின்னால் யாரும் இல்லை. லாரியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்து மயில். அது நன்றாகத்தான் காவல் பார்த்தது. மலை அடிவாரத்தில் மேகம் கூடியதும் தோகையை விரித்தது. பின்னால் வந்த வண்டிக்காரர்களெல்லாம் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "பாருங்க, ஆனா பொறாமைப்படாதீங்க" என்று மயில் சொல்லச்சொல்லக் கூட்டம் கூடியது. அன்றைக்கும் லாரி மேலே போகவில்லை.

புலியை ஏற்றிய நாளில் கூடவே கிளியும் போனது. "கிட்ட வராதே" என்று புலி ஒரு தடவைதான் சொன்னது. பின்னால் ஒருத்தரும் வரவில்லை. ஊரே காலியான மாதிரி பின்பக்க ரோடு வெறிச்சென்று கிடந்தது. பார்ப்பதற்கு எதுவும் இல்லாமல் புலி உப்பு மூட்டைமேல் படுத்தது. கடைசி வளைவு வரும்போது நல்ல தூக்கம்.

பூதம் வந்து பலகையில் கை வைத்தது. கிளி விழித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கிளிக்குச் சொந்தப் பேச்சு கிடையாது. கேட்டதைத்தான் சொல்லும். வழியெல்லாம் செங்கோடன் எதிரே வந்தவனிடம் என்ன சொன்னானோ அதைப் பூதத்திடம் சொன்னது.

"ஹாரன் அடிச்சா ஒதுங்க மாட்டியா? தள்ளிப் போடா தடிமாடு."

பூதத்தை அதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. பின்பலகை ஆணியோடு கழன்று அதன் கையோடு வந்தது. இழுத்த வேகத்தில் பூதம் மல்லாக்க விழுந்தது. அந்த இடைவெளியில் செங்கோடன் வளைவைத் தாண்டி மேலே போய் உப்பை இறக்கிவிட்டான். ஆனால் திரும்பி வர வேறு பாதையில்லை. இறங்கும்போது பூதம் பலகையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தது.

"இறக்கத்துல நான் யாரையும் தொடறதில்லை, போ" என்றது. "ஏறி வருவே இல்ல. இப்ப பலகை. அடுத்தது நீதான். தடிமாடுன்னு சொன்னவனை மட்டும் சும்மா விட மாட்டேன்."

செங்கோடன் ஊருக்கு வந்ததும் தச்சர் புதுப் பலகை அறுத்துக் கொடுத்தார். பாவாயி வீட்டுச் சுவரில் அதைச் சாய்த்து வைத்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் பசுவும் கன்றும் மயிலும் புலியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தன. கிளி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"மன்னிச்சுக்க அம்மிணி. புல்லைப் பாத்தா காலு நிக்க மாட்டேங்குது" என்றது பசு.

"எனக்கு மத்தியானம் கண்ணு சொக்கும். அது பொறப்பு" என்றது புலி.

"என்னைப் பாக்கறவங்க நிக்கறதுக்கு நான் என்ன பண்றது" என்றது மயில். அதன் குரலில் வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம்.

பாவாயி வெள்ளை வெளேரென்று இருந்த பலகையைப் பார்த்தாள். அவர்களைப் பார்த்தாள். மறுபடியும் பலகையைப் பார்த்தாள்.

"செங்கோடா, கொம்பு வர்ணத்தை எடுத்துட்டு வா."

"யாரு கொம்புக்கு?"

"எடுத்துட்டு வாடா."

பசுவைப் பலகைக்கு எதிரே நிற்கச் சொன்னாள். கன்றைப் பக்கத்தில் விட்டாள். இருந்தது இருந்தபடி பலகையில் படமாக எழுதினாள். வயிறு, மடி, கன்று முட்டுகிற முட்டு, எல்லாம் முடிந்தபின் கடைசியில் கண் திறந்தாள். பசு இரண்டடி பின்னால் போனது.

"அம்மிணி, நான் இங்கதான் நிக்கறேன். ஆனா அந்தப் பலகையிலருந்தும் எனக்கு உங்க வீட்டு வாசல் தெரியுதே."

"தெரியட்டும். நீ போய் மேஞ்சுக்க. அந்தக் கண்ணு மேயப் போகாது."

பசுவுக்கு அதைவிடச் சந்தோசம் வேறு எதுவும் இல்லை. உடனே கிளம்பிவிட்டது. பிறகு மயிலை எழுதினாள். புலியை எழுதினாள். வரிகளை அடர்த்தியாகப் போட்டதில் புலிக்கு ஏகத் திருப்தி. கிளியை மூலையில் எழுதினாள். ஒவ்வொருவரும் ரோட்டில் சொல்லிப் பழகிய வார்த்தையை அவரவருக்குக் கீழே எழுதினாள். படம் பார்க்குமே தவிரப் பேசாது அல்லவா? பாவாயிக்கு எழுத்து அதிகம் வராது. தெரிந்த எழுத்தை வைத்துச் சுருக்கமாக எழுதினாள். 'பார்த்து வா, வீட்டில் காத்திருப்பார்கள்.' 'பொறாமைப்படாதே.' 'கிட்ட வராதே.' கிளிக்குக் கீழே தடிமாட்டை விட்டுவிட்டு 'ஹாரன் அடி' என்று மட்டும் போட்டாள்.

நடுவில் ஒரு பெரிய இடம் காலியாக இருந்தது.

"இங்க என்ன, அக்கா?" என்றான் செங்கோடன்.

"அதுக்குரியவரு மேல இருக்காரு. நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? ஆபத்து என்னோட போகட்டும்."

"உன்னோட போக வேண்டாம்னுதான் வர்றேன். வண்டியை எடு."

உச்சி வெயிலில் லாரி கடைசி வளைவைத் தாண்டியது. பூதம் வழக்கம்போலப் பின்னால் வந்து கையை நீட்டியது. நீட்டிய கை அப்படியே நின்றது. அதுவரை அதற்கு முதுகுகளைத்தான் தெரியும். இப்போது ஒரு பசு அதைப் பார்த்தது. புலி பார்த்தது. மயில் பார்த்தது. இடது பக்கம் நகர்ந்தால் அங்கேயும் பார்த்தன. வலது பக்கம் நகர்ந்தால் அங்கேயும் பார்த்தன. கண் சிமிட்டவில்லை.

கொஞ்ச நேரம்தான். பூதம் விரலால் புலியின் மூக்கைத் தொட்டுப் பார்த்தது. விரலில் மஞ்சள் ஒட்டியது.

"அட, வர்ணம்" என்றது. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தது. இன்ஜின் திணறியது. லாரி நின்று, ஒரு முழம் பின்னால் வந்தது. செங்கோடன் பிரேக்கில் ஏறி நின்றுகொண்டு அக்காவைப் பார்த்தான். அவள் இருந்த இடம் காலியாக இருந்தது.

பாவாயி வர்ணச் சட்டிகளோடு பின்னால் போய் நின்றாள்.

"ஏனுங்ணா, ஒரு நிமிசம்."

"ஆரம்மிணி நீ? ஓரமாப் போ. வண்டி உருளப் போவுது."

"உருளட்டும். அவசரமா என்ன? உங்க கொம்பைப் பாத்துட்டுத்தான் இறங்கினேன். என்ன இப்படி வறண்டு கிடக்குது? பொங்கலுக்குப் பொங்கல் யாரும் வர்ணம் பூசறதில்லையா?"

பூதம் பலகையை விடவில்லை. ஆனால் இழுப்பது நின்றது. அது வருசா வருசம் வளைவில் உட்கார்ந்து கீழ்நாட்டைப் பார்க்கும். நீலக் கொம்பு, சிவப்புக் கொம்பு என்று மாடெல்லாம் ஊர்வலம் போவது அங்கிருந்து தெரியும்.

"எனக்கு யாரு பூசுவா" என்றது. குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"நான் பூசறேன். சட்டி கையோட இருக்குது. எந்த வர்ணம் வேணும்?"

பூதம் யோசித்தது. ஒரு கையைப் பலகையிலிருந்து எடுத்துக் கொம்பைத் தடவிப் பார்த்தது. "ஒண்ணு சிவப்பு. ஒண்ணு நீலம். நுனியில மஞ்சள் வருமா?"

"ஏன் வராது? கையை எடுத்துட்டு நேரா நில்லுங்க. தலையைச் சாய்ச்சா வர்ணம் ஒரு பக்கமா ஓடும்."

பூதம் இன்னொரு கையையும் எடுத்தது. லாரி அசையாமல் இருக்கச் செங்கோடன் இறங்கி ஓசைப்படாமல் கட்டை போட்டான். பாவாயி பாறைமேல் ஏறி நின்று, எந்தக் காளைக்கும் பூசாத அளவுக்குப் பொறுமையாகப் பூசினாள். முடித்ததும் அந்த ஒரே கட்டளையைச் சொன்னாள்.

"காயற வரைக்கும் அசையக் கூடாது."

"அசைஞ்சா?"

"வழிஞ்சு மூக்குக்கு வரும். கீழ்நாட்டு மாடெல்லாம் உங்களைப் பாத்துச் சிரிக்கும்."

பூதம் மூச்சைக்கூட மெதுவாக விட்டது. பாவாயி இறங்கி வந்து பலகை முன்னால் உட்கார்ந்தாள். கொம்பிலிருந்து ஆரம்பித்தாள்.

"அங்க என்ன பண்ணறே?" என்று பூதம் உதட்டை அசைக்காமல் கேட்டது.

"மிச்ச வர்ணம் காஞ்சு வீணாப் போவுது. இங்க பூசறேன்."

"என்னுது காஞ்சுதா?"

"இன்னும் இல்லைங்ணா. மலைக் காத்துல ஈரம் ஜாஸ்தி."

பாறை சுட்டது. வெயில் சாய ஆரம்பித்தது. கொம்பு எப்போதோ காய்ந்துவிட்டது. பூதம் கேட்கும்போதெல்லாம் அவள், "நுனி மட்டும் பாக்கி" என்றாள். புருவம் எழுதினாள். மூக்கு எழுதினாள். பல் எழுதினாள். வாய்க்குள் கொஞ்சம் இடத்தை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டாள். கடைசியாகத் தூரிகையைக் கறுப்பில் தொட்டு இரண்டு கண்ணையும் திறந்தாள்.

பாறையருகே நின்ற பூதம் கண்ணைக் கசக்கிக்கொண்டது. அதற்கு எதிரே லாரியின் முதுகு தெரிந்தது. அதே நேரத்தில் லாரியின் முதுகிலிருந்து தானே தெரிந்தது, கொம்பும் வர்ணமுமாக. அது தன்னை முன்பின் பார்த்ததில்லை. அசையாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது.

"வண்டியை எடுடா" என்றாள் பாவாயி.

லாரி நகர்ந்தது. நகர நகரப் பலகைப் பூதத்துக்குப் பாறைப் பூதம் சின்னதாகிக்கொண்டே போனது. பாறைப் பூதம் கையை நீட்டியது. ஆனால் யாரால் தன் முகத்தைத் தானே பிடித்து இழுத்துப் பள்ளத்தில் தள்ள முடியும்? கையை மடக்கிக்கொண்டது. மற்ற டிரைவர்களும் கேள்விப்பட்டுப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு பாவாயி வீட்டு முன்னால் வந்து நின்றார்கள். அன்று முதல்தான் லாரியின் முதுகில் இத்தனை படமும் இத்தனை வாசகமும். ஆளுருட்டி வளைவில் அதற்குப் பிறகு எந்த லாரியும் பின்னால் உருளவில்லை.

ஆனால் முதல் நாள் மேலூர் போய்ச் சேருவதற்குள் ஒன்று நடந்தது. பலகைப் பூதத்துக்கு ஒரே குஷி. பின்னால் வருகிறவர்களெல்லாம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வருகிறார்கள் அல்லவா? மற்ற படங்களுக்கு வாய் மூடியிருந்தது. இது பல்லுக்கு நடுவே விட்டிருந்த இடம் வழியாகப் பேச ஆரம்பித்துவிட்டது. "கிட்ட வா. இன்னும் கிட்ட வா. கொம்பைப் பாரு" என்று கூப்பிட்டது. புளி ஏற்றப் பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரன் அதைக் கேட்டு மாட்டைத் தட்டினான். வண்டி நெருங்கியது. மாட்டின் மூக்கு பலகையில் இடிக்கிற தூரம். மாடு கத்தியது. "செங்கோடா, நிறுத்து" என்றாள் பாவாயி.

இறங்கிப் பின்னால் போனாள். சிவப்புச் சட்டியைத் திறந்தாள். பூதத்தின் நாக்கை வெளியே இழுத்து, பல்லைத் தாண்டி, மோவாய் வரைக்கும் தொங்குகிற மாதிரி நீளமாக எழுதிவிட்டாள். நாக்கு வெளியே தொங்கினால் யாருக்குப் பேச வரும்?